நீர்த்தடம்

நீர்த்தடம் என்பது ஒரு பொருளை விளைவிக்கவோ உற்பத்தி செய்யவோ, தொடக்கம் முதல் முடிவு வரை செலவாகும் நன்னீரின் மொத்த அளவைக் குறிக்கும் குறியீடு ஆகும். ஒரு கிலோ அரிசி, ஒரு பருத்திச் சட்டை, ஒரு யூனிட் மின்சாரம் என எதற்கும் இதைக் கணக்கிடலாம். ஒரு வயல், ஓர் ஆலை, ஓர் ஊர், ஒரு நாடு ஆகியவற்றுக்கும் கணக்கிடலாம். ஆலையின் வாயிலில் உள்ள நீர்மானி, குழாய் வழியே உள்ளே வரும் நீரை மட்டுமே காட்டும். நீர்த்தடத்திலோ மூலப்பொருள் விளைந்த நிலத்தில் ஆவியான நீரும், கழிவு கலந்து கெட்டுப்போன நீரும் சேர்த்தே எண்ணப்படுகின்றன.

எனினும், நீர்த்தடத்தின் அளவை மட்டும் வைத்து ஒரு நீர்ப் பயன்பாடு நீடித்து நிலைக்கத்தக்கதா என்று சொல்லிவிட முடியாது. அந்த நீர் எந்த ஆற்றுப்படுகையில், எந்த மாதத்தில், மழையிலிருந்தா, ஆற்றிலிருந்தா, நிலத்தடியிலிருந்தா எடுக்கப்பட்டது என்பதையும், அந்த இடத்தால் அதைத் தாங்க முடியுமா என்பதையும் ஒப்பிட்ட பின்னரே அது தெரியவரும்.

வரலாறு

இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி ஆலன், மத்திய கிழக்கு நாடுகளின் நீர்ப் பற்றாக்குறையை ஆராய்ந்தபோது, 1990களின் தொடக்கத்தில் மறைநீர் என்ற கருத்தை முன்வைத்தார். நீர் இல்லாத நாடு தானியத்தை இறக்குமதி செய்யும்போது, அத்தானியத்தை விளைவிக்கச் செலவான நீரையும் மறைமுகமாக இறக்குமதி செய்கிறது என்பது இதன் சாரம். இப்பணிக்காக 2008இல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு வழங்கப்பட்டது.

இக்கருத்தின் தொடர்ச்சியாக, நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002இல் நீர்த்தடம் என்ற குறியீட்டை அறிமுகப்படுத்தினார். 2008இல் நீர்த்தட வலையமைப்பு தொடங்கப்பட்டது. கணக்கீட்டு முறைகளை ஒழுங்குபடுத்திய கையேடு 2011இல் வெளியானது. 2014இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு, ஐ.எஸ்.ஓ. 14046 என்ற தரத்தை வெளியிட்டது. இது நீரின் கன அளவோடு நில்லாமல், அப்பயன்பாட்டால் ஏற்படும் பாதிப்பையும் மதிப்பிடும்படி கேட்கிறது.

நீரெடுப்பும் நீர்நுகர்வும்

நீர்க் கணக்கில் பெரும்பாலான குழப்பங்கள் நீரெடுப்பு, நீர்நுகர்வு ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருகின்றன. ஆறு, ஏரி, கிணறு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் மொத்த நீர் நீரெடுப்பு ஆகும். அதில் ஆவியாகியோ, விளைபொருளில் சேர்ந்தோ, கடலிலோ வேறு படுகையிலோ போய்ச் சேர்ந்தோ, அதே படுகைக்குத் திரும்பி வராமல் போகும் பகுதி நீர்நுகர்வு ஆகும்.

உலகின் மொத்த நன்னீர் எடுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்கும், 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான அளவு தொழில்துறைக்கும், மீதி வீடுகளுக்கும் நகரங்களுக்கும் செல்கிறது. இதையே நீர்த்தடமாகக் கணக்கிட்டால் வேளாண்மையின் பங்கு 92 விழுக்காடு ஆகிறது. மழைநீரும் கணக்கில் சேர்வது இதற்கு ஒரு காரணம். வீடுகளிலும் ஆலைகளிலும் எடுக்கப்படும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பிவிடுவதும், பயிருக்குப் பாயும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதும் மற்றொரு காரணம்.

அனல் மின் நிலையங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆற்று நீரை ஒருமுறை குளிர்விக்கப் பயன்படுத்தி அப்படியே திருப்பிவிடும் நிலையம் மிக அதிக நீரை எடுக்கிறது. ஆனால் சிறிதளவே நுகர்கிறது. குளிர்கோபுரம் உள்ள நிலையம் எடுக்கும் நீர் பல மடங்கு குறைவு. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. எந்த நிலையம் சிக்கனமானது என்பதற்கான விடை, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

மூன்று வகை நீர்

நீர்த்தடம் மூன்று பகுதிகளைக் கொண்டது. அவை நிறங்களின் பெயரால் வழங்கப்படுகின்றன.

பச்சை நீர்: மழையாகப் பெய்து, மண்ணில் ஈரமாகத் தங்கிப் பயிரால் பயன்படுத்தப்படும் நீர். மானாவாரிப் பயிர்களின் நீர்நுகர்வு முழுவதும் இவ்வகையே.

நீல நீர்: ஆறு, குளம், ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றிலிருந்து எடுத்து நுகரப்படும் நீர். பாசனமும் ஆலைப் பயன்பாடும் இதில் அடங்கும்.

சாம்பல் நீர்: வெளியேற்றப்படும் மாசினை, நீர்நிலையின் தரம் கெடாத அளவுக்கு நீர்க்கச் செய்யத் தேவைப்படும் நன்னீரின் அளவு. இது உண்மையில் குழாயில் ஓடும் நீர் அன்று. மாசின் சுமையை நீரின் கன அளவாக மாற்றிச் சொல்லும் கணக்கு.

1996 முதல் 2005 வரையிலான காலத்துக்கு மெகோனன், ஹூக்ஸ்ட்ரா ஆகியோர் செய்த மதிப்பீட்டின்படி, உலகின் ஆண்டு நீர்த்தடம் 9,087 கன கிலோமீட்டர் ஆகும். அதில் பச்சை நீர் 74 விழுக்காடு, நீல நீர் 11 விழுக்காடு, சாம்பல் நீர் 15 விழுக்காடு. உலகச் சராசரியாக ஒரு மனிதரின் நுகர்வுக்கான நீர்த்தடம் ஆண்டுக்கு 1,385 கன மீட்டர். இந்தியாவில் இது 1,089 கன மீட்டராகவும் அமெரிக்காவில் 2,842 கன மீட்டராகவும் இருந்தது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.

வேளாண்மையில் கணக்கிடும் முறை

பயிரின் நீர்ச்செலவு என்பது மண்ணின் பரப்பிலிருந்து ஆவியாகும் நீரும், இலைகளின் வழியே நீராவிப்போக்காக வெளியேறும் நீரும் சேர்ந்தது. வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், வெயில் ஆகியவற்றைக் கொண்டு பென்மன்-மான்டீத் சமன்பாட்டின் வழியே இது மதிப்பிடப்படுகிறது. பயிரின் வகைக்கும் வளர்ச்சிப் பருவத்துக்கும் ஏற்ற பயிர்க் கெழுவால் அது பெருக்கப்படும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் கிராப்வாட் என்ற மென்பொருள் இக்கணக்கைச் செய்து தருகிறது.

நீர்ச்செலவு மில்லிமீட்டரில் கிடைக்கும். ஒரு எக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10 கன மீட்டர் ஆகும். எனவே மில்லிமீட்டரைப் பத்தால் பெருக்கி, விளைச்சலால் வகுத்தால் ஒரு டன்னுக்கான நீர்த்தடம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நெல் வயலின் பருவம் முழுமைக்குமான நீர்ச்செலவு 600 மில்லிமீட்டர் என்றும், அதில் 250 மில்லிமீட்டர் மழையாலும் 350 மில்லிமீட்டர் பாசனத்தாலும் நிறைவேறியது என்றும், விளைச்சல் எக்டேருக்கு 5 டன் என்றும் கொள்வோம்.

பச்சை நீர்: 2,500 ÷ 5 = டன்னுக்கு 500 கன மீட்டர்.
நீல நீர்: 3,500 ÷ 5 = டன்னுக்கு 700 கன மீட்டர்.

அவ்வயலில் எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து இடப்பட்டு, அதில் பத்தில் ஒரு பங்கான 15 கிலோ நீரில் கரைந்து கீழிறங்குகிறது எனலாம். நீர்நிலையில் அனுமதிக்கத்தக்க அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 10 கிராம் என்றும், இயற்கையில் அது ஏறத்தாழ இல்லை என்றும் கொண்டால், 15,000 கிராம் தழைச்சத்தை நீர்க்கச் செய்ய 1,500 கன மீட்டர் நீர் வேண்டும். டன்னுக்கு இது 300 கன மீட்டர் சாம்பல் நீர்.

மூன்றையும் கூட்டினால் ஒரு டன் நெல்லுக்கு 1,500 கன மீட்டர், ஒரு கிலோ நெல்லுக்கு 1,500 லிட்டர். உலகச் சராசரி ஒரு டன் நெல்லுக்கு 1,673 கன மீட்டர். நெல் அரைபட்டு அரிசியாகும்போது எடை குறைவதால், ஒரு கிலோ அரிசிக்கு இது ஏறத்தாழ 2,500 லிட்டர் ஆகிறது.

வயலுக்குப் பாய்ச்சப்படும் நீர் இதைவிட மிக அதிகமாக இருக்கலாம். தேங்கி நிற்கும் நீரில் ஒரு பகுதி கசிந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. அது அதே படுகையில் மீண்டும் கிடைப்பதால் நுகர்வில் சேர்க்கப்படுவதில்லை.

விளைச்சலால் வகுப்பதால் மற்றொன்றும் புலப்படும். அதே நீரில் விளைச்சல் 5 டன்னிலிருந்து 6 டன்னாக உயர்ந்தால், பாய்ச்சல் மாறாமலேயே ஒரு டன்னுக்கான நீர்த்தடம் குறைந்துவிடும். நல்ல விதை, களையெடுப்பு, பூச்சிக் கட்டுப்பாடு ஆகியவையும் ஒருவகையில் நீர்ச் சிக்கனமே.

சில பொருள்களின் உலகச் சராசரி நீர்த்தடம், ஒரு கிலோவுக்கு லிட்டரில்:

காய்கறிகள்: 322
பால்: 1,020
மக்காச்சோளம்: 1,222
கோதுமை: 1,827
முட்டை: 3,265
பருப்பு வகைகள்: 4,055
கோழி இறைச்சி: 4,325
மாட்டிறைச்சி: 15,415

தொழில்துறையில் கணக்கிடும் முறை

ஆலையின் நீர்த்தடத்துக்கு இரு பகுதிகள் உண்டு. ஆலை வளாகத்துக்குள் நுகரப்படுவதும் மாசடைவதும் நேரடி நீர்த்தடம். மூலப்பொருள், மின்சாரம், பொதி பொருள் ஆகியவற்றின் வழியே வருவது மறைமுக நீர்த்தடம்.

பெரும்பாலான ஆலைகளின் அறிக்கைகள் நேரடிப் பகுதியை மட்டுமே காட்டுகின்றன. ஒரு லிட்டர் குளிர்பானத்துக்கு ஆலையில் சில லிட்டர் நீர் செலவாகிறது என்பது இத்தகைய கணக்கு. ஆனால் சர்க்கரை சேர்த்த அரை லிட்டர் குளிர்பானத்தை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்றில், மொத்த நீர்த்தடம் 169 முதல் 309 லிட்டர் வரை இருப்பதாகத் தெரியவந்தது. சர்க்கரை கரும்பிலிருந்து வந்ததா, கிழங்கிலிருந்து வந்ததா, எந்த நாட்டில் விளைந்தது என்பவற்றைப் பொறுத்து அளவு மாறியது. இதில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி ஆலைக்கு வெளியே, பெரும்பாலும் வயலில், செலவானது.

இதனால் நேரடி நீர்த்தடம் முக்கியமற்றது என்று ஆகாது. வயல்களின் நீர்ச்செலவு பரந்த நிலப்பரப்பில் பரவியிருக்கிறது. ஆலையோ ஒரே இடத்தில் ஆழ்துளைக் கிணறுகளால் உறிஞ்சுகிறது; ஒரே வாய்க்காலில் கழிவை விடுகிறது. உலகக் கணக்கில் சிறுதுளியாகத் தெரிவது, பக்கத்து ஊரின் கிணற்றை வற்றவைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

இந்தியாவில் சில துறைகளுக்கு நீர்ச்செலவு வரம்பு சட்டப்படி விதிக்கப்பட்டுள்ளது. 2015 டிசம்பரில் வெளியான சுற்றுச்சூழல் விதிகளின்படி, குளிர்கோபுரம் கொண்ட பழைய அனல் மின் நிலையங்கள் ஒரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கு 3.5 கன மீட்டருக்கு மேல் நீரைப் பயன்படுத்தக் கூடாது.

நிலைத்த பயன்பாட்டை அறியும் குறியீடுகள்

செலவான நீரை, கிடைக்கும் நீரோடு ஒப்பிடப் பல குறியீடுகள் உள்ளன.

பால்கன்மார்க் குறியீடு: சுவீடன் நீரியலாளர் மாலின் பால்கன்மார்க் 1989இல் உருவாக்கியது. ஒரு நாட்டில் ஆண்டுக்கு ஒருவருக்குக் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க நீர் 1,700 கன மீட்டருக்குக் குறைந்தால் நீர் நெருக்கடி, 1,000க்குக் குறைந்தால் பற்றாக்குறை, 500க்குக் குறைந்தால் கடும் பற்றாக்குறை. எளிமையானது, ஆனால் உண்மையில் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்பதைக் காட்டாது.

நீர் அழுத்த அளவு: 2015இல் ஏற்கப்பட்ட ஐ.நா. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 6.4.2 என்ற குறியீடு. மொத்தப் புதுப்பிக்கத்தக்க நீரிலிருந்து ஆறு உயிரோடிருக்கத் தேவையான நீரோட்டத்தைக் கழித்துவிட்டு, மீதியில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்று பார்க்கிறது. 25 விழுக்காடு வரை அழுத்தமில்லை. 75க்கு மேல் அதிக அழுத்தம். 100ஐத் தாண்டினால் மிகக் கடும் அழுத்தம்.

நிலத்தடி நீர் உறிஞ்சல் நிலை: இந்தியாவில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் பயன்படுத்துவது. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 70 முதல் 90 வரை ஓரளவு நெருக்கடி, 90 முதல் 100 வரை நெருக்கடி, 100க்கு மேல் மிகை உறிஞ்சல். தமிழ்நாட்டில் இது குறுவட்டம் வாரியாகக் கணக்கிடப்படுகிறது.

நீல நீர்ப் பற்றாக்குறை: ஒரு படுகையின் நீல நீர்த்தடத்தை, அங்கு மாதந்தோறும் கிடைக்கும் நீரால் வகுத்துப் பெறுவது.

மாதக் கணக்கு ஏன் தேவை என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஓர் ஆற்றில் ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீர் 600 அலகு; நுகர்வு 300 அலகு என்றால் அழுத்தம் 50 விழுக்காடு மட்டுமே. ஆனால் மே மாதத்தில் எடுக்கத்தக்கது 20 அலகும் நுகர்வு 40 அலகும் என்றால், அம்மாதத்தில் அழுத்தம் 200 விழுக்காடு. ஆண்டுச் சராசரி நலமாகத் தோன்றும்போதே ஆறு கோடையில் மணலாகிக் கிடக்கும். மாதவாரியாகக் கணக்கிட்டு 2016இல் வெளியான ஆய்வில், உலக மக்களில் மூன்றில் இரு பங்கினர், அதாவது 400 கோடிப் பேர், ஆண்டில் ஒரு மாதமேனும் கடும் நீர்ப் பற்றாக்குறையில் வாழ்கின்றனர் என்று கண்டறியப்பட்டது.

பருத்தியும் சாயமும்: திருப்பூர்

250 கிராம் எடையுள்ள ஒரு பருத்திச் சட்டையின் உலகச் சராசரி நீர்த்தடம் ஏறத்தாழ 2,500 லிட்டர். இதில் பெரும்பகுதி பருத்தி வயலில் செலவாகிறது. துணியைச் சலவை செய்து சாயமேற்ற, கிலோவுக்குப் பத்துக்கணக்கான லிட்டர் முதல் நூறு, நூற்றைம்பது லிட்டர் வரை போதும். எண்களை மட்டும் பார்த்தால் சாயப்பட்டறையின் பங்கு அற்பமாகத் தோன்றும். நொய்யல் ஆற்றின் வரலாறு அந்த முடிவு தவறு என்று காட்டுகிறது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு இந்த ஆற்றில் விடப்பட்டது. சாயமேற்ற உப்பு பெருமளவில் பயன்படுவதால், கழிவுநீரில் கரைந்த உப்புகள் மிகுந்திருந்தன. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. கீழ்ப்பகுதியில் கிணற்று நீர் உப்பாகி, நிலங்கள் பயிரிடத் தகுதியற்றுப் போயின.

சாம்பல் நீர்க் கணக்கு இந்தப் பாதிப்பை எண்ணாக்குகிறது. வேறிடத்திலிருந்து கொண்டுவந்த நீரால் சாயமேற்றும் ஒரு பட்டறைத் தொகுதி, லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்பு கரைந்த 1,000 கன மீட்டர் கழிவை நாள்தோறும் ஆற்றில் விடுகிறது எனக் கொள்வோம். ஆற்றில் இயல்பாக 500 மில்லிகிராம் உப்பும், அனுமதிக்கத்தக்க உச்ச அளவாக 2,000 மில்லிகிராமும் இருந்தால், ஆறு தாங்கக்கூடிய இடைவெளி 1,500 மில்லிகிராம். எனவே 1,000 × 6,000 ÷ 1,500 = 4,000 கன மீட்டர். பட்டறைகள் பயன்படுத்தும் நீரைப்போல் நான்கு மடங்கு நல்ல நீர் ஆற்றில் ஓடினால்தான் கழிவு தாங்கப்படும். மழைக்காலம் தவிர ஏனைய மாதங்களில் நொய்யலில் அத்தகைய ஓட்டம் இல்லை. ஆற்றில் ஓடும் நீரைவிடச் சாம்பல் நீர்த்தடம் மிகும்போது, ஆற்றின் மாசு தாங்கும் திறன் முடிந்துவிட்டது என்று பொருள்.

நொய்யல் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2009இல் உச்ச நீதிமன்றமும் கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்த உத்தரவிட்டன. நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர், கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மட்டும் இயங்க அனுமதி பெற்றன.

இம்முறையில் எதிர் சவ்வூடு பரவல் மூலம் நீரில் பெரும்பகுதி மீட்கப்பட்டு மீண்டும் சாயமேற்றப் பயன்படுகிறது. எஞ்சிய உப்பு நீர் ஆவியாக்கிகளில் காய்ச்சப்படுகிறது. இதனால் நீலநீர்ச் செலவும் சாம்பல் நீரும் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் ஆவியாக்கிகளுக்கு எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். மிஞ்சும் கலப்பு உப்பைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். நீர்த்தடம் குறையும்போது கரித்தடம் கூடுவது இதன் விலை.

பாசனச் சிக்கனத்தின் முரண்

சொட்டுநீர்ப் பாசனம் வயலுக்குப் பாயும் நீரைக் குறைக்கிறது. ஆனால் அது படுகையில் நீரை மிச்சப்படுத்துகிறதா என்பது தனிக் கேள்வி. முன்பு வாய்க்கால் பாசனத்தில் கசிந்த நீர் பக்கத்துக் கிணறுகளை ஊறச் செய்திருந்தால், அந்தக் கசிவை நிறுத்துவது உண்மையான மிச்சம் ஆகாது. மிச்சமான நீரைக் கொண்டு கூடுதல் நிலத்தில் பயிரிட்டாலோ, தென்னை, வாழை போன்ற நீர் மிகுதியாக வேண்டும் பயிருக்கு மாறினாலோ, மொத்த நுகர்வு கூடவே செய்யும்.

நிலக்கரிப் பயன்பாட்டில் இதே போக்கை 1865இல் ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். ஆகவே, ஒரு திட்டத்தின் பலனைச் சொட்டுநீர்க் குழாய் பதித்த பரப்பைக் கொண்டு அளப்பது போதாது. படுகையின் மொத்த நுகர்வும் நிலத்தடி நீர்மட்டமும் எப்படி மாறின என்று பார்க்க வேண்டும். கசிவு நீர் உவர் நிலத்துக்கோ கடலுக்கோ செல்லும் இடங்களில் மட்டும் பாய்ச்சலில் செய்யும் குறைப்பு முழுமையான மிச்சமாகும்.

நீர்த்தடத்தைக் குறைக்கும் வழிகள்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது: வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னரே மறுபடியும் பாய்ச்சப்படுகிறது. பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் தேங்கவிடப்படும். பாய்ச்சும் நீர் 30 விழுக்காடு வரை குறைகிறது. வயலிலிருந்து வெளிப்படும் மீத்தேனும் குறைகிறது.

மூடாக்கு: மண்ணின் மேற்பரப்பிலிருந்து வீணே ஆவியாகும் நீரைக் குறைக்கும். இது நுகர்விலேயே செய்யும் குறைப்பு.

அளவான உரமிடல்: மண் பரிசோதனையின்படி, பிரித்துப் பிரித்து உரமிட்டால் கரைந்து வீணாகும் தழைச்சத்து குறைந்து, சாம்பல் நீர்த்தடம் சுருங்கும்.

கழிவுநீர் மறுபயன்பாடு: சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இடங்களில் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019இல் இயங்கத் தொடங்கின. இந்நீர் மணலி, திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளுக்கு வழங்கப்படுகிறது.

பயிர்த் தேர்வு: மிகை உறிஞ்சல் பகுதிகளில் கரும்பு, நெல் ஆகியவற்றுக்கு மாற்றாகச் சிறுதானியம், பயறு வகைகள். விலையும் கொள்முதலும் உறுதியாக இல்லாவிட்டால் இம்மாற்றம் நிலைப்பதில்லை.

குறைபாடுகள்

பச்சை, நீலம், சாம்பல் ஆகிய மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது இக்குறியீட்டின் மீதான முதன்மையான விமர்சனம். மானாவாரியில் விளைந்த பருத்தியின் நீர்த்தடம் பெரிதாக இருக்கலாம். ஆனால் அது பெய்த மழையை அந்த இடத்திலேயே பயன்படுத்துகிறது. ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பி மத்திய ஆசியாவில் விளைவித்த பருத்தியோ, 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஏரல் கடலை வற்றச் செய்தது. இரண்டையும் லிட்டர் கணக்கில் மட்டும் ஒப்பிடுவது பொருந்தாது.

இக்குறையைப் போக்க, நீர் வளம் உள்ள இடத்தில் செலவான லிட்டருக்குக் குறைந்த எடையும், வறண்ட இடத்தில் செலவான லிட்டருக்கு அதிக எடையும் தரும் முறைகள் உருவாகியுள்ளன. அவேர் என்ற முறையில் இந்த எடை 0.1 முதல் 100 வரை மாறுகிறது.

சாம்பல் நீர் அளவு, எந்த மாசுக்கு எந்த வரம்பை ஏற்கிறோம் என்பதைச் சார்ந்தது. வரம்பைத் தளர்த்தினால், ஆற்றில் எதுவும் மாறாமலே எண் குறைந்துவிடும். பல மாசுகள் இருக்கும்போது மிக அதிக நீர் தேவைப்படும் ஒன்றை மட்டுமே கணக்கில் எடுப்பதால், அவை சேர்ந்து தரும் நச்சுத்தன்மை விடுபடுகிறது.

உலகச் சராசரி எண்களை ஓர் ஊரின் உழவரைக் குறை சொல்லப் பயன்படுத்துவதும் பிழையாகும். ஒரே பயிரின் நீர்த்தடம் மண், பருவம், விளைச்சல் ஆகியவற்றால் பல மடங்கு வேறுபடும். கிணற்றின் நீர்மட்டம், பாய்ச்சிய நேரம், இட்ட உரம், கிடைத்த விளைச்சல் ஆகிய நான்கையும் அந்தந்த வயலில் குறித்துவைத்தால், சராசரியைவிடப் பயனுள்ள கணக்கு கிடைக்கும். ஆலைக்கு உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர், அதன் உப்பளவு ஆகிய மூன்றையும் நாள்தோறும் அளந்து பொதுவில் வைப்பது, கீழ்ப்பகுதி மக்களுக்குத் தேவையான முதல் தரவு ஆகும்.